சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் முடிக்கிறார்களா?

ஒரு செமஸ்டருக்குப் பாட நாட்கள் 90. அதில் 75 சதவீதம் வந்திருந்தால்தான் தேர்வு எழுதலாம் என்பது பல கல்லூரிகள் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் பொது அளவுகோல். கணக்குப் போட்டால் 68 நாள். மிச்சமிருக்கும் 22 நாளுக்குள்தான் எல்லா விடுப்பும் அடங்க வேண்டும்.

புதுச்சேரி நகரத்துக்குள் குடியிருக்கும் மாணவருக்கு இந்த 22 நாள் தாராளம். பாகூர் கொம்யூனில் தென்பெண்ணைக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து லாஸ்பேட்டைக்கு வந்து படிக்கும் மாணவிக்கு அப்படி இல்லை. ஊரிலிருந்து பாகூர், பாகூரிலிருந்து கன்னியக்கோயில் வழியாகக் கடலூர் சாலையைப் பிடித்துப் புதிய பேருந்து நிலையம், அங்கே இறங்கி இன்னொரு பஸ் ஏறினால் லாஸ்பேட்டை. ஒரு பஸ் தவறினால் முதல் பீரியட் போச்சு. சில கல்லூரிகளில் முதல் பீரியட் போனால் அரை நாள் வருகையே போச்சு. இப்படிக் கரையும் அரை நாட்களோடு, காய்ச்சலுக்கு ஒரு வாரம், மழைக்கு ஒரு வாரம், வீட்டில் ஒரு சாவு, நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம், நடவு நேரத்தில் அம்மாவுக்குக் கையுதவி என்று சேர்த்துப் பார்த்தால், ஒழுங்காகப் படிக்க நினைக்கும் பெண்கூட ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளில் அறிவிப்புப் பலகையின் முன் நெஞ்சு படபடக்க நிற்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பலகையில் ஒட்டப்படும் வருகைக் குறைவோர் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் அடுத்து ‘காண்டொனேஷன்’, அதாவது வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கேட்கும் மனு. மருத்துவச் சான்று வேண்டும். அபராதக் கட்டணம் கட்ட வேண்டும். அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். சேதராப்பட்டிலோ திருபுவனையிலோ தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிக்குப் போகும் தகப்பனுக்கு அது ஒரு நாள் சம்பளம். காய்ச்சல் வந்தபோது ஊர் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்ட பிள்ளைக்கு மருத்துவச் சான்று எங்கிருந்து வரும்? அந்த இடத்தில்தான் பலர் ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று திரும்பிப் போகிறார்கள். அப்படிப் போன எல்லோரும் திரும்பி வருவதில்லை.

கல்லூரியில் சேருவதில் புதுச்சேரிக்குக் குறையில்லை. உயர்கல்வி குறித்த அகில இந்திய ஆய்வின் 2021-22 அறிக்கைப்படி, 18 முதல் 23 வயது வரையிலானோரின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இங்கே 61.5. சண்டிகருக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே இதுதான் அதிகம். தமிழ்நாட்டுக்கு 47, இந்தியா முழுமைக்கும் 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால், படிக்கும் இடத்தை வைத்து எடுக்கப்பட்ட கணக்கு இது. காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும், சின்னஞ்சிறு பரப்பில் நெருங்கிக் கிடக்கும் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளுக்கும் வெளிமாநிலங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் இதற்குள் அடங்குவார்கள். பாகூரில், நெட்டப்பாக்கத்தில், மண்ணாடிப்பட்டில், வில்லியனூரில் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாண்டில் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்பதை இந்த 61.5 சொல்லாது. சேர்க்கை மட்டும் எண்ணப்படுவதால் சேர்க்கைக்கு மட்டுமே கொண்டாட்டம். படிப்பை நடுவில் விட்ட பிள்ளையைக் கணக்கில் வைப்பவர் யாரும் இல்லை.

உள்ளே நுழைவதற்கான கதவுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தே வந்திருக்கின்றன. 1961-ல் தாகூர் கலைக் கல்லூரி, 1968-ல் பெண்களுக்கென்று பாரதிதாசன் கல்லூரி, 1985-ல் மத்தியப் பல்கலைக்கழகம், 1989-ல் முதுகலைப் படிப்புக்குக் காஞ்சி மாமுனிவர் மையம். எல்லாமே நகரத்திலோ நகரத்தை ஒட்டியோ வந்தவை. பிறகுதான் கிராமப்புறத்துக்குப் பக்கத்திலும் கல்லூரிகள் வந்தன. வில்லியனூரில் கஸ்தூரிபா மகளிர் கல்லூரி இருக்கிறது. தெற்கே தவளக்குப்பத்தில் ராஜீவ் காந்தி கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. தொழிற்படிப்புக்கு ‘சென்டாக்’ என்ற மாணவர் சேர்க்கைக் குழு வழியாகச் சேருபவர்களின் கட்டணச் சுமையைக் குறைக்கப் பெருந்தலைவர் காமராஜர் நிதியுதவித் திட்டம் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023-ல் நடைமுறைக்கு வந்தது. ‘ஒரு ரூபாய் பஸ்’ என்று ஊரே அழைத்த மாணவர் சிறப்புப் பேருந்து, கொரோனாவில் நின்றுபோய் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஒவ்வொன்றும் நல்ல திட்டம். ஆனால் பஸ் ஒரு துறை, கட்டணம் இன்னொரு துறை, வருகைப் பதிவு கல்லூரி, தேர்வு பல்கலைக்கழகம். பஸ் வராத நாளில் வருகை குறைந்ததை நான்கு பேரும் சேர்த்து யோசிக்க ஓர் இடம் இல்லை.

மழைக்காலத் தேர்வு

ஜூலையையொட்டித் தொடங்கும் செமஸ்டரின் தேர்வு நவம்பர், டிசம்பரில் விழுகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு வந்து பாகூர் கொம்யூனின் ஆற்றங்கரை ஊர்களைச் சூழ்ந்தது. சங்கராபரணியும் பெருகியது. கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள், தேர்வைத் தள்ளிவைத்தார்கள். அதெல்லாம் சரி. ஆனால் நகரத்தில் தண்ணீர் வடிந்து வகுப்பு தொடங்கிய நாளில் ஆற்றங்கரை ஊரில் புத்தகமும் ரெக்கார்ட் நோட்டும் சேற்றில் ஊறிக் கிடந்தன. மழை விடுமுறை மாவட்டம் முழுமைக்கும் ஒன்றாக அறிவிக்கப்படுகிறது. வீடு பழைய நிலைக்குத் திரும்பப் பிடிக்கும் காலம் ஊருக்கு ஊர் வேறு. பெரிய வெள்ளம் வந்த கொம்யூன்களின் மாணவர்களுக்கு அந்த வாரங்களின் வருகையைத் தனியாகக் கணக்கிட ஒரு நிரந்தர விதி இருக்கலாமே? ஒவ்வொரு முறையும் மாணவர் மனு எழுதிக்கொண்டு எச்.ஓ.டி. அறை வாசலில் நிற்க வேண்டிய தேவை இராது.

வருகை விதியே வேண்டாம் என்பதல்ல வாதம். வகுப்புக்கு வராத பிள்ளை தேர்விலும் தடுமாறுவார் என்பது எந்த ஆசிரியரும் அறிந்தது. விதி எப்போது பேசுகிறது என்பதில்தான் கோளாறு. 30-ஆம் நாளிலேயே ‘இந்தப் பெண் பத்து நாள் வரவில்லை’ என்று தெரிந்தால் ஒருவர் போன் போட்டு விசாரிக்கலாம். 90-ஆம் நாளில் தெரிந்தால் தண்டிக்க மட்டுமே முடியும்.

நீதிமன்றமும் இதே இடத்துக்கு வந்திருக்கிறது. தில்லியில் வருகைக் குறைவால் தேர்வு எழுதவிடாமல் தடுக்கப்பட்ட சட்ட மாணவர் ஒருவர் 2016-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வழக்கில் 2025 நவம்பர் 3 அன்று தில்லி உயர் நீதிமன்றம், வருகைக் குறைவை மட்டும் காரணம் காட்டிச் சட்ட மாணவர் எவரையும் தேர்விலிருந்து தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பின் அந்த வரி செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. அதைவிட முக்கியமான பகுதி ஒன்று உண்டு. வாரந்தோறும் வருகைக் கணக்கை மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும், குறைந்தால் மாதந்தோறும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், குறைந்தவர்களுக்குக் கூடுதல் வகுப்பு நடத்த வேண்டும் என்று கல்லூரிகளின் கடமையையும் அது வரிசைப்படுத்தியது. சட்டக் கல்லூரிகளுக்குச் சொன்னதுதான். கலை அறிவியல் கல்லூரிகள் இதைச் செய்ய நீதிமன்ற உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

260 மாணவர், 12 ஆசிரியர்

படிப்பவரைத் தாங்குவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பாகூரின் பழைய பெயர் வாகூர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், வாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருவாய் எழுதிவைக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. விழுப்புரம் சாலையில் இருக்கும் திருபுவனைக் கல்வெட்டு இன்னும் விவரமானது. முதலாம் இராஜாதிராஜன் காலத்தில், 1048-ல், அங்கே 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்விச்சாலை ஒன்று நடந்தது. அதற்கென ஒதுக்கிய நிலம் 72 வேலி, ஆண்டு விளைச்சல் 12,000 கலம் நெல். அங்கே படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் ஊர் வாரியப் பணிகள் சிலவற்றிலிருந்து விலக்கப்பட்டிருந்தார்கள். படிப்பவருக்குச் சோறும் வேண்டும், நேரமும் வேண்டும் என்று அன்றைக்கு ஊர்ச் சபைக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வசதி வேதம் படிக்கும் ஒரு சாதிக்கு மட்டுமே இருந்தது. 72 வேலியில் சேற்றில் நின்று நெல் விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கல்விச்சாலைக்குள் இடமில்லை. இன்று அதே வயல்களின் கூலிக் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாகப் பிள்ளைகள் கல்லூரி வாசலுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய தாங்குதல் திருபுவனையின் பழைய மாணவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

தாங்குதலுக்கு இன்று முதல் தேவை நேரம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் பராமரிப்புத் தொகையும் உண்டு. ஆனால் தொகை கணக்கில் ஏறும் மாதமும், கல்லூரி கட்டணம் கேட்கும் மாதமும் ஒன்றாக இருப்பதில்லை. இடையில் இருக்கும் மாதங்களுக்குக் கந்துவட்டிக்காரர்தான் கைகொடுக்கிறார். உதவித்தொகை உறுதியான மாணவரிடம் அது வரும்வரை கட்டணம் கேட்பதில்லை என்று கல்லூரி ஒரு வரி எழுதிவைத்தால் ஒரு குடும்பத்தின் கடன் குறையும்.

எல்லைக்கோடு ஒன்றும் இங்கே குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு 2022 செப்டம்பர் முதல் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024 ஆகஸ்டு முதல் ‘தமிழ்ப் புதல்வன்’. பாகூரிலிருந்து ஆற்றைத் தாண்டினால் கடலூர். அங்கே பெரியார் அரசு கலைக் கல்லூரியில் பாகூர்ப் பெண்ணும் கடலூர்ப் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். ஒருத்திக்கு மாதம் ஆயிரம், பள்ளிப் படிப்பைப் புதுச்சேரியில் முடித்த மற்றவளுக்கு இல்லை. வயலுக்கு வயல் இரண்டு அரசுகளும் பின்னிக் கிடக்கும் பகுதியில் இதை இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். ஏழைப் பெண்ணுக்கு அந்த ஆயிரம் ரூபாய் ஒரு மாதத்துப் பஸ் காசு, ஜெராக்ஸ் காசு, மதியச் சாப்பாடு.

முதல் ஆண்டில் தடுக்கிவிடும் இன்னொன்று மொழி. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறி, முதல் பிளஸ் டூ அணி 2025-ல் தேர்வு எழுதி வெளியே வந்தது. பாடத்திட்டம் மாறினாலும் வீட்டில் பேசும் மொழி தமிழ்தான். பாடத்தைப் புரிந்துகொண்ட மாணவர் விடைத்தாளில் ஆங்கில வாக்கியம் கூட்டத் தெரியாமல் அரியர் வைப்பது கொடுமை. பயிற்றுமொழி ஆங்கிலமாக இருந்தாலும் உள்ளூர் மொழியில் தேர்வு எழுத மாணவர்களை அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. வணிகவியலையும் பொருளியலையும் தமிழில் எழுதும் மாணவருக்குத் தமிழில் கலைச்சொல் பட்டியல் ஒன்றைத் துறையே அச்சிட்டுக் கொடுத்தால் அந்த அனுமதிக்கு உயிர் வரும்.

தெரியாமல் இழக்கும் உரிமைகள்

விதிகள் எல்லாமே மாணவருக்கு எதிரானவை அல்ல. அவருக்கு ஆதரவான விதிகள்தான் அவர் காதுக்குப் போய்ச் சேருவதில்லை.

கவுன்சலிங் முடியும்முன் பயத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பணம் கட்டிவிட்டு, பிறகு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துத் தவிக்கும் குடும்பங்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். கட்டிய பணம் வராது, சான்றிதழ்களையும் தர மாட்டார்கள் என்ற பயத்தில் கிடைத்த அரசு இடத்தையே விட்டவர்கள் உண்டு. மானியக் குழுவின் 2018 அறிவிக்கை தெளிவாக இருக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் சிறு நிர்வாகச் செலவு போக முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். அதற்குப் பிறகு, கடைசி நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் கழிந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50. பள்ளிகளில் பிளஸ் டூ விடைபெறு விழாவில் ஆசிரியர் ஐந்து நிமிடம் இதைச் சொன்னால் போதும்.

2023-ல் வந்த மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளும் அப்படித்தான். ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும், திருப்தி இல்லை என்றால் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். இன்டர்னல் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்கவே தயங்கும் முதல் தலைமுறை மாணவருக்கு இப்படி ஒரு குழு இருப்பதே தெரியாது. செமஸ்டர் தேர்வுக்கு 75, கல்லூரி தரும் இன்டர்னலுக்கு 25 என்ற முறையில் அந்த 25-ல் கை வைத்தால் தேர்ச்சியே தவறும். அதில் டெஸ்டுக்கு எவ்வளவு, அசைன்மென்டுக்கு எவ்வளவு, வருகைக்கு எவ்வளவு என்பது பாடம் தொடங்கும் முதல் நாளே தெரிய வேண்டிய விஷயம்.

புதிய நான்காண்டுப் பட்டக் கட்டமைப்பு இன்னும் சிக்கலானது. 2022 டிசம்பரில் மானியக் குழு வெளியிட்ட வரைமுறைப்படி முதலாண்டு முடிவில் 40 கிரெடிட் சேர்த்து, கோடை விடுமுறையில் 4 கிரெடிட் தொழிற்பயிற்சியும் முடித்தால் சான்றிதழோடு வெளியேறலாம். இரண்டாம் ஆண்டு முடிவில் டிப்ளமோ, மூன்றாண்டில் 120 கிரெடிட்டுக்குப் பட்டம், நான்காண்டில் 160-க்கு ஆனர்ஸ். இடையில் போனவர் மூன்றாண்டுக்குள் திரும்பி வந்து, மொத்தம் ஏழாண்டுக்குள் முடிக்கலாம். கல்யாணத்துக்காகவோ குடும்பக் கடனுக்காகவோ படிப்பை நிறுத்த நேர்ந்த பெண்ணுக்கு, திரும்பி வர வழி வைத்திருப்பது நிச்சயம் நல்லது. ஆனால் வெளியேறும் கதவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், திரும்பி வரும் கதவைப் பற்றிப் பேச ஆள் இல்லை. ‘அதான் ஒரு சர்டிபிகேட் வந்துடுச்சே’ என்று குடும்பம் நிறுத்திக்கொள்ள இது சாக்காகிவிடக் கூடாது. வெளியேறிய ஒவ்வொருவரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு ‘எப்போது வருகிறாய்?’ என்று கேட்கும் பொறுப்பு கல்லூரிக்கு இருந்தால் மட்டுமே இந்த ஏற்பாடு ஏழைகளுக்குப் பயன்படும்.

நியூயார்க் செய்துகாட்டியது

சிதறிக் கிடக்கும் உதவிகளை ஒரே கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் சோதித்துப் பார்த்திருக்கிறது. அங்கே சமுதாயக் கல்லூரிகளில் சேரும் ஏழைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் முடிப்பதில்லை என்பது பழைய கவலை. 2007-ல் ‘ஏ.எஸ்.ஏ.பி.’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். உதவித்தொகை போக மீதமிருக்கும் கட்டணம் தள்ளுபடி, பாடப்புத்தகம், நகரப் போக்குவரத்துக்கு இலவச அட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக, அடிக்கடி சந்தித்துப் பேச ஓர் ஆலோசகர். ஓர் ஆலோசகர் கையில் குறைவான மாணவர்கள் மட்டுமே. எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து ஒப்பிட்டது. திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் மூன்றாண்டுக்குள் முடித்தார்கள். வெளியே இருந்தவர்களில் 22 சதவீதம். தலைக்குச் செலவு கூடியது, ஆனால் பட்டம் பெற்றுப் போன ஒருவருக்கு ஆன செலவு குறைந்தது.

அந்தப் பட்டியலில் இருப்பவை இங்கே இல்லாதவை அல்ல. இலவசப் போக்குவரத்து அட்டை அங்கே, மாணவர் பஸ் இங்கே. கட்டணத் தள்ளுபடி அங்கே, காமராஜர் நிதியும் போஸ்ட் மெட்ரிக் தொகையும் இங்கே. ஆலோசகர்? கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ குழு வரும்போது காட்டுவதற்காக ஒவ்வொரு கல்லூரியிலும் ‘மென்டர் - மென்டீ’ பதிவேடு இருக்கிறது. இருபது, முப்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று பெயர்கள் எழுதியிருக்கும். அந்தப் பதிவேட்டுக்கு மாதம் ஒரு மணி நேரம் அட்டவணையில் ஒதுக்கினால், அதுவே ஆலோசகர் முறை. நியூயார்க்கில் சாதித்தது பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரம்தான் என்பதே இக்கட்டுரையின் கணிப்பு. தனக்காக ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்த பிள்ளை அவ்வளவு எளிதில் நின்றுவிடுவதில்லை.

அதற்கு நிரந்தர ஆசிரியர் வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். செமஸ்டருக்குச் செமஸ்டர் மாறும் கௌரவ விரிவுரையாளரிடம் மூன்றாண்டு முழுக்க ஒரு மாணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல முடியாது. அவரே அடுத்த மாதச் சம்பளத்தைப் பற்றிய கவலையில் இருப்பார்.

புதுச்சேரி உயர்கல்வித் துறையும் பல்கலைக்கழகமும் வரும் கல்வியாண்டிலேயே செய்யக்கூடியவை இவை. வருகை விதி, இன்டர்னல் பிரிப்பு, அரியர் விதி, கட்டணத்தைத் திருப்பித் தரும் விதி, குறைதீர்ப்புக் குழு உறுப்பினர்களின் பெயர், உதவித்தொகைக் கடைசி நாள் அத்தனையையும் ஒரே தாளில் தமிழில் அச்சடித்து முதல் வாரமே மாணவர் கையில் கொடுங்கள். முப்பதாம் நாளிலும் அறுபதாம் நாளிலும் வருகைக் கணக்கை வீட்டுக்குச் சொல்லுங்கள். பாகூர், வில்லியனூர் பஸ் நேரத்தையும் முதல் பீரியட் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டில் ஒன்றை மாற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கொம்யூன் வாரியாகச் சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை என்று வெளியிடுங்கள். இவற்றில் எதற்கும் புதுக் கட்டடம் தேவையில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறார் என்றால், இந்த மாதமே ஒரு நாள் கல்லூரிக்குப் போங்கள். மார்க்கைக் கேட்கும்முன், ‘எத்தனை நாள் வந்திருக்கிறான், இன்னும் எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது, அவனுடைய மென்டர் யார்?’ என்று கேளுங்கள். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.